மஞ்சள் நிறக் கிணற்று நீரில் குரோமியம்-6 "இல்லை" என்று வருகிறது. எங்கே தவறினேன்?

வாலாஜா_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேதியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். திட்ட ஆய்வுக்காக ராணிப்பேட்டைப் பக்கம் ஆறு கிணறுகளின் நீரில் குரோமியத்தை அளந்துகொண்டிருக்கிறேன். அந்த உலோகம் குரோமியம்-3, குரோமியம்-6 என்ற இரண்டு வடிவங்களில் இருக்கும், இரண்டும் சேர்ந்ததுதான் மொத்தக் குரோமியம். அந்த ஆறில் ஒன்று என் அத்தை வீட்டுக் கிணறு. சிறுவயதில் முழுப் பரீட்சை விடுமுறைக்குப் போனால் அதில்தான் வாளி வாளியாக இறைத்துக் குளிப்போம். இப்போது அந்த நீரை எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் மஞ்சள் தெரிகிறது. கலங்கல் கிடையாது. வைக்கோலை ஊற வைத்து வடிகட்டியது போன்ற தெளிவான மஞ்சள். அத்தை அதைப் பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் பயன்படுத்துகிறார். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில் சமையலுக்கும் எடுக்கிறார் என்பது போன வாரம்தான் தெரிந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். பொங்கல் விடுமுறையில் ஆறு கிணறுகளிலும் ஒரு லிட்டர் பாலித்தீன் புட்டிகளில் நீர் எடுத்தேன். உலோகம் அளப்பதற்கான மாதிரியை நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும் என்று எங்கள் செய்முறைக் கையேட்டில் இருந்ததால், பி.எச். 2-க்குக் கீழே போகும்வரை எல்லாப் புட்டிகளிலும் அமிலம் விட்டேன். மொத்த உலோகத்தை அளக்கும் அணு உறிஞ்சல் கருவி எங்கள் கல்லூரியில் இல்லை. வேறொரு நிறுவனத்தில் முறை கிடைக்க 19 நாட்கள் ஆயின. அத்தை வீட்டு நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2.3 மில்லிகிராம் வந்தது. மறுநாளே, குரோமியம்-6 இருந்தால் செவ்வூதா நிறம் தரும் டைபினைல் கார்பசைடு என்ற வினைபொருளைச் சேர்த்துப் பார்த்தேன். நிறமே வரவில்லை. தெரிந்த அளவு குரோமியம்-6 கலந்த திட்டக் கரைசல்களில் 0.1 முதல் 1 மில்லிகிராம் வரை அழகான நேர்கோடு கிடைத்தது. ஆகவே வினைபொருளில் குறையில்லை.

வழிகாட்டி ஆசிரியர், "காணப்படவில்லை என்று அட்டவணையில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. தினமும் மாலையில் அத்தை தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்விதான்: "என்னம்மா, சோறாக்கலாமா?" அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?


தாம்பரம்_வாசகர் எழுதியது:

அத்தை வீட்டுக்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கிக் கொடுங்கள். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 500-க்குக் கீழே காட்டினால் குடிக்கலாம் என்று எங்கள் அடுக்ககத்தில் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். சந்தேகமாக இருந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற_பகுப்பாய்வாளர் எழுதியது:

முதலில் தாம்பரம் நண்பருக்கு. நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் இந்த அறிவுரை ஆபத்தானது. அந்த மீட்டர் நீரின் மின் கடத்துதிறனை அளந்து, அதை உப்பின் அளவாக மாற்றிக் காட்டும் கருவி. அந்தப் பகுதிக் கிணறுகளில் கரைந்த உப்பு லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது வழக்கம். அதில் இரண்டு மில்லிகிராம் குரோமியம் கூடினாலும் குறைந்தாலும் மீட்டரின் முள் அசையாது. உப்புக் குறைவான, இனிக்கிற நீரிலும் குரோமியம் இருக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியம் சாகாது. நீர் ஆவியாகி அளவு குறையக் குறைய, மிஞ்சுகிற நீரில் அதன் செறிவு ஏறும்.

அடுத்து உங்கள் அத்தையின் கேள்விக்கு வருகிறேன், அம்மா. அதற்கு விடை உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, குரோமியத்துக்கு வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்துக்கு என்று சில பொருட்களுக்குத் தருகிற தளர்வு இதற்குத் தரப்படவில்லை. அது மொத்தக் குரோமியத்துக்கான எல்லை என்பதையும் கவனியுங்கள். மூன்றா ஆறா என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்றில்லை. உங்கள் 2.3 அந்த எல்லையைப் போல் 46 மடங்கு. இன்று மாலையே அத்தையிடம் சொல்லிவிடுங்கள்: குடிக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், அரிசிகூடக் களைய வேண்டாம். ஆய்வேடு பிறகு முடியட்டும்.

இனி உங்கள் புதிருக்கு. குரோமியம்-3 கரையக்கூடிய பொருள் என்று நினைத்துக்கொள்கிறோம். அமில நீரில் அது உண்மை. பி.எச். 7, 8 இருக்கிற சாதாரணக் கிணற்று நீரில் அது ஹைட்ராக்சைடாகி மண்ணோடு படிந்துவிடும். குரோமியம்-6 அப்படியில்லை. குரோமேட்டாகக் கரைந்து, நிலத்தடி நீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அதன் நிறம்தான் மஞ்சள். ஆகவே தெளிந்த, மஞ்சளான, அமிலத்தன்மை இல்லாத ஒரு கிணற்று நீரில் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் கரைந்திருக்கிறது என்றால், அதில் மிகப் பெரும்பகுதி குரோமியம்-6 ஆகத்தான் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு எண்களும் ஒன்றையொன்று மறுக்கின்றன. உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் அதுதான், அது சரியான காரணம்.

பிழை கருவியில் நேரவில்லை, புட்டியில் நேர்ந்திருக்கிறது. நைட்ரிக் அமிலம் மொத்த உலோகத்துக்கு நல்ல காவல். ஆறு மாதம்வரை வைத்திருக்கலாம். குரோமியம்-6-க்கு அதே அமிலம் எமன். அமிலத்தில் அது மிகக் கடுமையான ஆக்சிஜனேற்றியாக மாறும். நீரில் இருக்கிற கரிமப் பொருள், இரும்பு, நைட்ரைட்டு என்று எது கிடைத்தாலும் அதை ஆக்சிஜனேற்றிவிட்டுத் தான் குரோமியம்-3 ஆக இறங்கிவிடும். உங்கள் புட்டியில் அதற்கு 19 நாட்கள் கிடைத்தன. டைபினைல் கார்பசைடுக்குக் குரோமியம்-3 கண்ணில் படாது. சோதனையிலும் அமிலம் சேர்க்கிறோமே என்று கேட்பீர்கள். அங்கே அமிலமும் வினைபொருளும் ஒன்றாகப் போய், பத்து நிமிடத்துக்குள் நிறம் வந்து அளந்தும் விடுகிறோம். மற்றவற்றோடு வினைபுரிய அதற்கு நேரமில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. அமிலம் விடுமுன் வடிகட்டினீர்களா? வடிகட்டாமல் விட்டிருந்தால், நீரில் மிதந்த நுண்மண்ணில் ஒட்டியிருந்த குரோமியம்-3 கரைந்து 2.3-இல் சேர்ந்திருக்கலாம். மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் அது சிறு பங்காகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவதை அட்டவணையில் எழுத முடியாது. திரும்பப் போங்கள்.

ஒவ்வொரு கிணற்றுக்கும் இரண்டு புட்டிகள் எடுத்துச் செல்லுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள், குழாயில் தேங்கியது வெளியேறட்டும். கிணற்றடியிலேயே, ஊசிக்குழாயில் பொருத்தும் 0.45 மைக்ரான் வடிகட்டி வழியாக நீரை அழுத்தி இரண்டையும் நிரப்புங்கள். ஒன்றில் நைட்ரிக் அமிலம், அது மொத்தக் குரோமியத்துக்கு. மற்றதில் அமிலம் ஒரு துளியும் படக்கூடாது. அதை ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளந்துவிடுங்கள். முடியாது என்றால் அம்மோனியம் சல்பேட் தாங்கல் கரைசல் சேர்த்து பி.எச். 9.3-க்கும் 9.7-க்கும் நடுவில் நிறுத்துங்கள். அப்போது 28 நாட்கள் தாங்கும், ஆனால் அளக்கும் அன்று அந்தக் காரத்தையும் ஈடுகட்டும் அளவுக்கு அமிலம் கூட்ட வேண்டியிருக்கும். 540 நானோமீட்டர் ஒளியில் நிறத்தின் அளவைப் படிக்குமுன், கார்பசைடு சேர்க்காத அதே நீரை ஒரு முறை படித்துக் கழியுங்கள். இல்லாவிட்டால் கலங்கல்கூடக் கணக்கில் ஏறிவிடும். கார்பசைடை அசிட்டோனில் கரைத்துப் பழுப்புப் புட்டியில் வையுங்கள். நிறம் மாறினால் கொட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஒவ்வொரு கிணற்று நீரிலும் தெரிந்த அளவு டைகுரோமேட்டை (குரோமியம்-6 உப்பு) நீங்களே சேர்த்து, சேர்த்தது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. திட்டக் கரைசலின் நேர்கோடு, வாலைவடி நீரில் உங்கள் முறை வேலை செய்கிறது என்றுதான் சொல்லும். அத்தை வீட்டு நீரில் வேலை செய்கிறதா என்பதை இந்த மீட்புச் சோதனைதான் சொல்லும். அன்று அந்த 19 நாள் புட்டியில் அரை மில்லிகிராம் சேர்த்துப் பார்த்திருந்தால், அதில் ஒரு பகுதி காணாமல் போவதை அங்கேயே கண்டிருக்க வாய்ப்புண்டு.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தொண்ணூறுகளில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஆய்வுக்கூடத்தில் நானும் இதே பிழையைச் செய்தேன். ஒரு விவசாயி வெள்ளிக்கிழமை கொண்டுவந்த மாதிரி அமிலம் விடப்பட்டு அலமாரியில் நின்றது. அடுத்த வியாழக்கிழமை எடுத்துப் பார்த்து, "காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு மாதம் கழித்து அவர் அந்தத் தாளோடு வந்தார். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. "ஐயா, இதைக் காட்டித்தான் என் தண்ணீரில் குறையில்லை என்று சொல்கிறார்கள்" என்றார். மறுநாள் அவர் ஊருக்கே போய்ப் புதிதாக எடுத்து அன்றே அளந்தேன். குழாய் செவ்வூதாவாக நின்றது. திருத்திய அறிக்கை கொடுத்தேன். ஆனால் ஊருக்குள் சுற்றியது முதல் தாள்தான்.

அதனால் கேட்கிறேன், அம்மா. அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.


கிண்டி_ஆய்வாளர் எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் மாதிரி எடுப்பது பற்றிச் சேர்க்க எதுவுமில்லை. அட்டவணையில் எப்படி எழுதுவது என்பதை மட்டும் சொல்கிறேன், தங்கையே.

"காணப்படவில்லை" என்று எழுத வேண்டிய கிணறு உங்கள் ஆறு கிணறுகளில் உண்மையாகவே ஒன்றிரண்டு இருக்கலாம். அங்கேயும் வெறும் சொல்லை எழுதாமல், உங்கள் முறையின் கண்டறியும் எல்லையைக் கண்டுபிடித்து, "இதற்கும் குறைவு" என்று எண்ணோடு எழுதுங்கள். மிகக் குறைந்த அளவு குரோமியம் உள்ள கரைசலை ஏழு முறை, ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து செய்து அளந்து, அந்த ஏழு விடைகளின் திட்ட விலக்கத்தை 3.143-ஆல் பெருக்குங்கள். அதுதான் எல்லை. எல்லை 0.05-க்கு மேலே வந்துவிட்டால், குடிநீரைப் பற்றி உங்கள் முறையால் எதுவும் சொல்ல முடியாது என்று பொருள். அப்போது ஒளி கடந்துபோகும் கண்ணாடிக் கலத்தை நீளமானதாகப் போட்டு அளக்க வேண்டியிருக்கும்.

குரோமியம்-3, குரோமியம்-6 இரண்டையும் பிரிப்பது ஆய்வேட்டுக்காக மட்டும் செய்கிற வேலை என்று எண்ண வேண்டாம். உங்கள் பகுதியில் இரண்டு விதக் குரோமியம் இருக்கிறது. தோல் பதனிடப் பயன்படுவது காரக் குரோமியம் சல்பேட், அதாவது குரோமியம்-3. ராணிப்பேட்டையில் 1995-இல் நின்றுபோன குரோமேட் உற்பத்தி விட்டுச்சென்ற கழிவு மேடு வேறு வகை. குரோமைட் தாதுவைச் சோடாவோடு வறுத்து, குரோமேட்டைக் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சிய சக்கை அது. எடுக்கப்படாத குரோமியம்-6 அதில் இன்னும் இருக்கிறது, மழை பெய்யும்போதெல்லாம் கசிகிறது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குவியல். கிணற்றில் இருப்பது எது என்று தெரிந்தால்தான் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கலாம். ஆறு கிணறுகளையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு கிணற்று வாயும் கடல்மட்டத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று கண்டு, அதிலிருந்து அந்த ஆழத்தைக் கழித்து ஒப்பிட்டால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரியும்.


நொய்யல்_கரை எழுதியது:

நான் வேதியியல் படித்தவன் அல்லன். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே எங்களுக்கு நிலம் இருந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய அணை அது. திருப்பூர்ச் சாயநீர் வந்து தேங்கியதால் வயலுக்கு விட முடியாத நீரை வைத்திருந்தது. எங்கள் அப்பா கிணற்று நீரை நாக்கில் வைத்துப் பார்த்து, "போன வருஷத்தைவிடக் கரிப்பு" என்பார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பின்னாளில் அதிகாரிகள் வந்து, "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டபோது எங்களிடம் ஒரு தேதிகூட இல்லை. சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது அப்பா உயிரோடு இல்லை.

வேலூர் தோல் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நான் தமிழாக்கம் செய்து தரச் சொல்லிப் படித்திருக்கிறேன். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு. அதில் எனக்கு மனத்தில் நின்றது வேறொன்று. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு அமைப்பு கிணறு கிணறாகப் போய் எண்ணியிருக்கிறது. 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன என்ற அந்தக் கணக்கு தீர்ப்புக்குள்ளேயே இருக்கிறது. யாரோ வெயிலில் நடந்து எண்ணியது டெல்லிவரை போயிருக்கிறது.

மகளே, ஒவ்வொரு புட்டியின் மேலும் தேதி, நேரம், கிணறு, யார் எடுத்தது என்று எழுதுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை நனைந்தால் கரைந்துவிடும். கிணற்றுக்காரர் முன்னிலையில் எடுங்கள். விடை வந்ததும் ஒரு படியை அவர்களிடம் கொடுங்கள். எங்கள் ஊரிலும் வந்து எடுத்துப் போனார்கள், பலமுறை. விடை சொல்ல ஒருவரும் திரும்பி வரவில்லை.


வாலாஜா_மாணவி எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அன்று மாலையே அத்தையிடம் பேசினேன். "பாத்திரம் கழுவினால்?" என்று கேட்டார். கடைசி அலசலையாவது குழாய் நீரில் செய்யச் சொன்னேன். கீரைப் பாத்திக்கும் அதை விட வேண்டாம் என்றேன். மல்லிகைக்கு விடலாமா என்று கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போனோம், நானும் வகுப்புத் தோழியும். மீன் வியாபாரி ஒருவர் தெர்மோகோல் பெட்டி கொடுத்தார். ஐஸ்கட்டியும் அவரே உடைத்துப் போட்டார். வடிகட்டி இரண்டு கிணறுகளில் அடைத்துக்கொண்டது, கட்டைவிரல் இன்னும் வலிக்கிறது. நொய்யல் ஐயா சொன்னபடி பென்சிலால் எழுதி, கிணற்றுக்காரர்களிடம் கையெழுத்தும் வாங்கினோம். நான்காவது கிணற்றுப் பாட்டி கைநாட்டு வைத்தார்.

அன்று இரவு ஏழு மணிக்குத் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கி ஆய்வகத்தைத் திறந்தோம். அத்தை வீட்டு நீரில் கார்பசைடு விழுந்த சில நொடிகளில் நாவற்பழச் சாறு போல ஆகிவிட்டது. அளவுக்கோட்டுக்கு மேலே போய்விட்டதால் ஐந்து மடங்கு நீர்த்து அளந்தேன். லிட்டருக்கு 2.1 மில்லிகிராம். சேர்த்துப் பார்த்ததில் 97 விழுக்காடு திரும்பக் கிடைத்தது. அந்தக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். நான் குளித்த கிணறு. நிறம் வந்தால் மகிழ்ச்சியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன், அப்படி இல்லை.

வழிகாட்டி ஆசிரியரிடம் இரண்டு புட்டிகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். பழைய அட்டவணையை அவரே அடித்துவிட்டு, பாதுகாக்கும் முறையால் நேர்ந்த இழப்பை ஒரு தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார்.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. மூன்றாவது கிணற்றில் நிறம் மிக வெளிறி வருகிறது. நான் சேர்த்த டைகுரோமேட்டில் 58 விழுக்காடுதான் திரும்பக் கிடைக்கிறது. மூன்று முறை செய்துவிட்டேன். இதை எப்படி எழுதுவது?


ஓய்வுபெற்ற_பகுப்பாய்வாளர் எழுதியது:

மூன்று முறை செய்தீர்கள் பாருங்கள், அதற்கே உங்களுக்கு வாழ்த்து.

அந்த நீர் குரோமியம்-6-ஐத் தின்கிறது. நிறைய கரிமப் பொருளோ இரும்போ இருக்க வேண்டும். இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு, பத்து மடங்கு என நீர்த்து, ஒவ்வொன்றிலும் மீட்புச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். நீர்க்க நீர்க்க விழுக்காடு ஏறினால் குறுக்கீடு உறுதி. ஏறாவிட்டால் அந்தக் கிணற்றுக்கு இந்த முறை பொருந்தாது என்று எழுதிவிட்டு, மொத்தக் குரோமியத்தை மட்டும் தாருங்கள். 58-ஐ வைத்துப் பெருக்கி விடையைச் சரிசெய்ய மட்டும் வேண்டாம். இரும்பையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். அந்தக் கிணற்றுப் பக்கத்தில் சாக்கடையோ எருக்குழியோ இருக்கிறதா?


வாலாஜா_மாணவி எழுதியது:

இருக்கிறது, ஐயா. பத்தடி தள்ளி மாட்டுத் தொழுவம், அதையொட்டி எருக்குழி. எனக்கு இது தோன்றவே இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிணற்றுக்கு மட்டும் இன்னொரு முறை போகிறேன்.